அடுப்படியிலிருந்து எட்டும் கதவு

இலங்கை மலையகத்தில், லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் பேச்சியம்மாவிடம் போய், உங்கள் தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், கொழுந்துப் பையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொல்வாள். "வீடு கட்டுறா. கட்டி முடிச்சதும் ஒடைக்கிறா. அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க." கேட்டவர் சிரிப்பார். பேச்சியம்மா சிரிக்க மாட்டாள்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தங்கை ஜீவராணி சென்னையில் சினிமாவுக்குத் தயாரிப்பு வடிவமைப்பாளர். நடிகர்களைத் தவிர படத்தில் கண்ணில் படுகிற எல்லாமே அந்த வேலைக்குள் வரும். கதாநாயகன் குடியிருக்கும் வீடு, சுவரில் தொங்கும் காலண்டர், அவன் கையிலிருக்கும் தம்ளரின் நசுங்கல் வரைக்கும். சரியாகச் செய்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். தப்பாகச் செய்தால் ஊரே சிரிக்கும். அப்படிப்பட்ட தொழிலில் நிலைக்கக் கொஞ்சம் தலைக்கனமும் வேண்டும். ஜீவராணிக்கு அது பிறவியிலேயே இருந்தது.

தலவாக்கலைப் பள்ளிக்கூடத்தில் படித்து, உதவித்தொகை கிடைத்து, சென்னையில் ஓவியக் கல்லூரிக்குப் போனவள் அவள். விசாவுக்காக அவள் நின்ற வரிசைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஹட்டனிலிருந்து கொழும்பு வரை நீளும். கல்லூரி முடிந்ததும் ஒரு கலை இயக்குநரிடம் எடுபிடியாகச் சேர்ந்தாள். முதல் வாரமே எண்பது கடிதங்களைக் கொடுத்து, எல்லாம் முப்பது வருஷத்துக்கு முன் எழுதியது போலத் தெரிய வேண்டும் என்றார்கள். சினிமாவில் காகிதத்தைப் பழசாக்கத் தேயிலைச் சாயத்தில்தான் முக்கி எடுப்பார்கள். மற்ற உதவியாளர்கள் பாக்கெட் தேயிலையை அண்டாவில் கொதிக்கவிட்டு எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் எடுத்தார்கள். இவள் உதிரித் தேயிலைத் தூள் வாங்கி வந்து முதல் கொதி தனி, இரண்டாம் கொதி தனி என்று பிரித்துக்கொண்டாள். கடிதங்களை மடித்தபடியே முக்கினாள். மடிப்பில் கருப்பும் நடுவில் மங்கலுமாக, எண்பது கடிதமும் எண்பது விதமாக வந்தன. கலை இயக்குநர் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். தேயிலைத் தோட்டம் என்றாள். அதற்குப் பிறகு அவரிடம் இருந்த பதினாறு வருஷத்தில் அவளை யாரும் எடுபிடி என்று அழைக்கவில்லை.

நாற்பது வயதில்தான் அவளுக்கென்று ஒரு படம் வந்தது. எழுபதுகளின் பஞ்சத்தில் ஒரு தோட்டத்துக் குடும்பம் பட்ட பாடுதான் கதை. பெரும்பகுதி ஒரே லயத்துக்குள், தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் கதவுகள் கொண்ட அந்த நீளக் கட்டடத்தில், ஒரே காம்பராவுக்குள் நடக்கும். ஓர் அறைதான் ஒரு வீடு. அதில் ஏழு பேர். இயக்குநர் கதை சொல்லி முடித்ததும், "சார், இது நான் பொறந்த வீடு" என்றாள். வேலை அங்கேயே அவளுடையதாயிற்று. படப்பிடிப்பையும் லிந்துலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

அவள் பிறந்த லயம் இப்போது இல்லை. இடித்துவிட்டுத் தனி வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த லயங்களிலும் ஆளாளுக்கு முன்னால் உட்கார ஒரு பத்தி, பின்னால் சமைக்க ஒரு குசினி என்று இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதனால் பழைய தேயிலை ஃபேக்டரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் லயத்தைப் புதிதாகவே எழுப்ப வேண்டியதாயிற்று. தச்சு மேஸ்திரி கிஷாந்த் பாஸ் தலைமையில் பன்னிரண்டு தச்சர்கள் வேலை செய்தார்கள். ஹட்டனில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மீராசாஹிப் துருப்பிடித்த தகரங்களை லொறி லொறியாக அனுப்பினார். நல்ல தகரம் கேட்காமல் ஓட்டைத் தகரமாகப் பொறுக்கி எடுக்கும் முதல் வாடிக்கையாளர் நீங்கள்தான் என்று அவர் வியந்தார்.

ஜீவராணி ஃபேக்டரியை அளந்தாள். கோவிலை அளந்தாள். தண்ணீர் பிடிக்கும் பீலியிலிருந்து லயத்துக்கு எத்தனை எட்டு என்றுகூட அளந்து வரைபடத்தில் குறித்தாள். காம்பராவை மட்டும் அளக்கவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டுக்கு அளவு நாடா எதற்கு? கண்ணை மூடினால் தெரிகிறதே. தெரிந்தபடியே வரைந்து கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் லயம் எழுந்து நின்றது. புகை படிந்த சுவர், கதவுக்கு மேல் மங்கிய இலக்கம், மூலையில் மண் அடுப்பு. இயக்குநர் உள்ளே போய்ச் சுவரின் புகைக் கறையைத் தொட்டுப் பார்த்தார். கேமராமேனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. சின்ன அறை என்று சொல்லி அவரை அவ்வளவு பயமுறுத்தியிருந்தார்கள். இங்கே கேமராவும் விளக்குகளும் தாராளமாகப் புழங்கலாம்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் மத்தியானம், கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பேச்சியம்மா நேரே அங்கே வந்தாள். ஜீவராணி அந்த வருகைக்காகத்தான் காத்திருந்தாள் என்பதை ஒளிப்பானேன்? பெரிய விருது வாங்கப் போகிறவள் போலப் புடவையைச் சரிசெய்துகொண்டு, வேலைக்காரர்களை ஒதுக்கிவிட்டு, அக்காளை உள்ளே அழைத்துப் போனாள்.

பேச்சியம்மா சுவரைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு அடுப்படியில் போய்க் குந்தினாள். குந்தியபடியே, பார்க்காமலே, வலது கையை வாசல் பக்கம் நீட்டினாள். கை வெறும் காற்றில் துழாவியது.

"கதவு எட்டலையே," என்றாள்.

"எட்டித்தான் ஆகணுமாக்கும்?"

"காத்து அடிச்சா அடுப்பு அணைஞ்சு போகும். அம்மா எந்திரிக்காமலே கையால கதவ சாத்தும். நானும் அப்படித்தான் சாத்துனேன்." பேச்சியம்மா எழுந்து அறையை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தாள். "இது நம்ம காம்பரா இல்ல ராணி. கணக்கப்புள்ள குவாட்டர்ஸ்."

ஜீவராணிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பதினாறு வருஷமாகப் பெரிய பெரிய இயக்குநர்கள் குறை சொல்லாத கண் தன்னுடையது என்றாள். எனக்கு எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது என்றாள். பேச்சியம்மா வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இப்பவும் நீ கால மடக்கிக்கிட்டுத்தானே தூங்குற?"

சென்னையில் ஜீவராணிக்கு அகலமான கட்டில் இருந்தது. அதில் இன்றைக்கும் முழங்காலை நெஞ்சோடு சேர்த்து ஒரு ஓரத்தில்தான் படுக்கிறாள். அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். இவள் காலை நீட்டினால் அப்பாவின் தலையில் இடிக்கும். சின்ன வயதில் அவளுக்கு அந்த அறை ஊர் அகலமாக இருந்தது. ஏழு பேர், சட்டி பானை, துணிமணி, பள்ளிப் புத்தகம் எல்லாம் கொண்ட இடம் பெரிய இடமாகத்தானே இருக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. கூடவே, என் வீடு என்கிற பெருமையும் தன் பங்குக்குச் சில அடி கூட்டிக் கொடுத்திருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் சறுக்கியது சொந்த வீட்டு வாசலில்.

அக்காளும் தங்கையும் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு ஏறினார்கள். அங்கே ஆள் இல்லாமல், யாரும் இழுத்துக் கட்டாமல் ஒரு பழைய காம்பரா கிடந்தது. நாடாவைப் பிடித்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. இவள் கட்டியிருந்தது பதினாலுக்குப் பதினேழு.

திரும்பி இறங்கும்போது ஜீவராணி நாடாவைச் சுருட்டியபடியே யோசித்தாள். விடிந்தால் படப்பிடிப்பு. முதல் படம். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. இயக்குநருக்குத் திருப்தி, கேமராமேனுக்குத் திருப்தி. சொன்னால், சொந்த வீட்டையே அளக்கத் தெரியாதவள் என்ற பெயர் சென்னைக்கு இவளுக்கு முன்னால் போய்ச் சேரும். அடுத்த படம் என்று ஒன்று வராமலே போகலாம். ஆனால் சொல்லாமல் விட்டால், தன் அம்மா கணக்கப்பிள்ளை குவாட்டர்ஸில் சௌகரியமாக வாழ்ந்தாள் என்று உலகம் முழுக்கச் சொன்னதாகிவிடும்.

போய்ச் சொன்னாள். தப்பு தன்னுடையது, காம்பராவைச் சின்னதாக்க இரண்டு நாள் வேண்டும் என்றாள்.

இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. கேமராமேன்தான், பத்தடி அறைக்குள் நான் எங்கே நிற்பது என்று குதித்தார். இரண்டு பக்கச் சுவரையும் கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்து தருகிறேன், கூரைத் தகரத்தையும் துண்டு துண்டாகத் தூக்கலாம் என்று அவள் சொன்னாள்.

"நாலஞ்சடி வித்தியாசம் படம் பாக்குறவங்களுக்குத் தெரியவா போகுது?" என்று இயக்குநர் கேட்டார்.

"பாக்குறவங்களுக்குத் தெரியாது சார். உள்ள இருந்து நடிக்கிறவங்களுக்குத் தெரியும்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் ஒரு வாளிச் சுண்ணாம்போடு பெரட்டுக் களத்துக்குப் போனாள். காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் மைதானம் அது. அங்கே பத்துக்குப் பன்னிரண்டு என்று கோடு போட்டாள். அடுப்புக்கு ஒரு கட்டம், தண்ணீர்க் குடத்துக்கு ஒரு வட்டம், பெட்டிக்கும் விறகுக்கும் ஒரு மூலை. மீதி இடத்தில் இயக்குநர், கேமராமேன், உதவியாளர்கள் என்று ஏழு பேரைப் படுக்கச் சொன்னாள். முதலில் சிரித்துக்கொண்டேதான் படுத்தார்கள். கேமராமேனின் முழங்கை ஒருவர் வாயில் இடித்தது. உதவி இயக்குநரின் கால் குடத்து வட்டத்துக்குள் போனது. பேச்சியம்மா ஓரத்தில் நின்று, "கொடம் கவுந்துருச்சு தம்பி, கால எடுங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. இயக்குநர் முழங்காலை மடக்கிக்கொண்டார். அப்படியே கொஞ்சம் கிடந்தார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கட்டின வீட்டைச் சின்னதாக்கும் வேலையை என் ஆயுளில் பார்த்ததில்லை என்று கிஷாந்த் பாஸ் முணுமுணுத்துக்கொண்டே ஆணி பிடுங்கினார். பேச்சியம்மா தன்னோடு வேலை செய்யும் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிவந்து புதுச் சுவருக்குச் சாணியும் மண்ணும் பூச வைத்தாள். "வீட்டப் பெருசாக்கித் தாங்கன்னு நாங்க காலம் பூரா யூனியன்ல கேட்டோம். சின்னதாக்குன்னு கேட்டது நீ ஒருத்திதான்," என்று தங்கையைச் சீண்டினாள். இரண்டாம் நாள் சாயங்காலம் சுவர் நின்றது. பேச்சியம்மா அடுப்படியில் குந்திக் கையை நீட்டினாள். கதவு கையில் பட்டது. அதைச் சாத்திப் பார்த்துவிட்டு எழுந்தாள். ஜீவராணி வெளியே போய், யாரும் பார்க்காத இடத்தில் அழுதுவிட்டு வந்தாள்.

எட்டு மாதம் கழித்துப் படம் ஹட்டனுக்கு வந்தது. முதல் நாள் இரண்டு வரிசை நிறைய லிந்துலைப் பெண்கள். பேச்சியம்மாவும் ஜீவராணியும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் ஒரு காட்சி. பிள்ளைகள் பசியோடு சுருண்டு கிடக்கிறார்கள். தாய் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். காற்று வீசுகிறது. நடிகை குந்திய இடத்தைவிட்டு எழாமல், திரும்பிப் பார்க்காமல், கையை நீட்டிக் கதவைச் சாத்துகிறாள். அப்படிச் செய் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தால் கை தானாக அப்படித்தான் போகும்.

ஜீவராணி திரையைப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் அக்காளின் வலது கை, மடியிலிருந்து எழுந்து வாசல் பக்கம் நீண்டிருந்தது. முன்வரிசையிலும் ஒரு கை. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. எழுத்துகள் மேலே ஓட ஆரம்பித்ததும் ஜனம் வழக்கம்போல எழுந்து வாசலுக்கு நகர்ந்தது. பேச்சியம்மா எழுந்தாள். நடைபாதையின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். மலை முழுக்கக் கூப்பிட்டுப் பழகிய அவள் குரலுக்குத் தியேட்டர் சின்ன இடம்.

"எல்லாரும் ஒக்காருங்க. எங்க வீட்டக் கட்டுனவ பேரு இன்னும் வரல."

உட்கார்ந்தார்கள்.