கரையான்சாவடியில் சொந்தக்காரர்கள்

கரையான்சாவடியில் ஒரு சின்ன மருத்துவமனையின் வாசலில் நிற்கிறேன். மகள் பல் மருத்துவம் படிப்பதற்காக மலேசியாவிலிருந்து அவளோடு வந்து நான்கு மாதமாக இங்கே தங்கியிருக்கிறேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், மூன்று வகைக் கொசுக் களிம்பு என்று அவளைக் காத்தேன். ஒரு கொசு இதையெல்லாம் மதிக்கவில்லை. டெங்கு. பல் வைத்தியம் படிக்கிறவளுக்கு ஈறிலேயே ரத்தம் கசிகிறது.

"ரத்தத் தட்டணு ஏத்தணும் சார். பதிலுக்கு ரத்தம் கொடுக்க சொந்தக்காரங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்கிறார் நர்ஸ். நான் இன்சுலின் போடுகிறவன். என் ரத்தம் வேண்டாமாம். சொந்தக்காரர்கள் அனைவரும் மலேசியாவில், கிள்ளானில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் இன்னும் போகவில்லை. தினமும் மகளைக் கல்லூரிக்கு அழைத்துப்போகிறவர். அவள் ஏறும்போதெல்லாம் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து வைப்பது என் தினசரிக் கடமை. ஊரில் நல்லவன் நான் ஒருவன்தானே.

"இன்னாத்துக்கு சார் முழிக்கிற? நான் கீறேன், ஸ்டாண்டுல இன்னும் ரெண்டு பேர் கீறானுங்க" என்று போன் போடுகிறார்.

முதலில் அவரே படுத்துக் கையை நீட்டுகிறார்.

"ஒரு போட்டோ எடுத்துக்க சார். நாளைக்கு நான் காணாம போனா தேடணும்ல?"

எடுக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்காமலே அமுக்குகிறேன். போனை வாங்கி, பழைய படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்.

"மூஞ்சே தெரியல. நம்பர் பிளேட்ட மட்டும் எப்டி சார் அவ்ளோ க்ளியரா எடுத்த?"