மூன்று வார்த்தையை மறந்த நடிகர்

அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மெஷின், ஒரு பெஞ்சு, ரசம் போன ஒரு கண்ணாடி. எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. தைக்கத் துணி இல்லாவிட்டாலும் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். வாயும் அப்படித்தான். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் துணிக்காக வருவார்கள், மீதிப் பேர் என் பேச்சுக்காக வருவார்கள். அதில் எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

அந்தச் சமயத்தில் ராஜா காலத்துப் படம் ஒன்று எடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி கோட்டைக்கு வந்து இறங்கியது. சிப்பாய் வேஷக்காரர்களின் உடுப்பெல்லாம் முள்ளிலும் பாறையிலும் கிழிந்துபோக, தைக்க ஆள் தேடி என்னைப் பிடித்தார்கள். மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது, முகத்தைக் காட்டினால் "அட, இவரா" என்பீர்கள். கதாநாயகிக்கு அப்பா, வட்டிக்கடைக்காரர், கோள் மூட்டுகிற மாமன், கடைசியில் மனம் திருந்துகிற பண்ணையார் என்று வந்து போகிறவர். இந்தப் படத்தில் அவருக்கு மந்திரி வேஷம். ஏழு வயதில் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவராம். முதலில் பெண் வேஷம், குரல் உடைந்ததும் கோமாளி வேஷம், இருபது வயதிலேயே கிழவர் வேஷம். "அன்னிலேர்ந்து எனக்கு வயசே ஏறல" என்று சொல்லிச் சிரித்தார். சினிமா வேஷமெல்லாம் ஊருக்கு முகம் காட்டத்தான். அவருக்குச் சோறு போட்டது சொந்த நாடகக் குழு. இருபது பேர் அதை நம்பி இருந்தார்கள். திருவிழா, பொருட்காட்சி என்று எந்த ஊர் காண்ட்ராக்டர் கூப்பிட்டாலும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம்.

அவருடைய அங்கிக்குக் கொக்கி வைத்துத் தைத்தபோது அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நின்றார். காது கொடுத்துக் கேட்டால், அன்றைக்கு எடுக்கப்போகிற காட்சி. அவர் பேச்சு மட்டுமில்லை. ராஜா பேச்சு, ராணி பேச்சு, வாயில் காப்பவன் பேச்சு, எல்லாம். எதற்கு எல்லாப் பேச்சும் என்று கேட்டேன். "கம்பெனிப் பழக்கம் தம்பி. எல்லார் பாடமும் எல்லாருக்கும் தெரியணும். ராஜாவுக்கு ஜுரம் வந்தா சேவகன் ராஜா ஆயிடணும். ஒரு வார்த்தை விட்டா வாத்தியார் பிரம்பு பேசும்" என்றார். அந்த ஞாபக சக்தியை என் காதாலேயே கேட்டவன் நான். இதை நீங்கள் மறந்துவிடாதீர்கள், நான்தான் மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். தூதுவனாக நடிக்க வேண்டியவர் மெட்ராஸிலிருந்து வந்து சேரவில்லை. அந்த உடுப்பு யாருக்குச் சரியாக இருக்கும் என்று பார்த்தார்கள். உதவி டைரக்டருக்கு முப்பது வயதிருக்கும், சதா ஓடிக்கொண்டே இருப்பவர். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நீயே போட்டுக்கோ" என்றார். வேலை சின்னதுதான். படிக்கட்டில் நிற்கும் மந்திரியிடம் ஓடி வந்து மண்டியிட வேண்டும். அவர் "சொல், என்ன செய்தி?" என்பார். நான், "அமைச்சரே, வடக்கு வாசல் போய்விட்டது. நம் வீரர்கள் ஒருவரும் மிச்சமில்லை" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பாறை மேலெல்லாம் ஊர் ஜனம். என் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாய்ப்பு இனி வராது என்று எனக்குத் தெரியும். ஓடினேன், மண்டியிட்டேன். அவர் கேட்டார். ஊரையே பேசிப் பேசிச் சிரிக்க வைக்கிற என் வாயில் காற்றுகூட வரவில்லை. இரண்டாம் தடவை "அமைச்சரே" வரைக்கும் வந்தது, அதற்கு மேல் அடைத்துக்கொண்டது. டைரக்டர் சின்ன வயசுக்காரர், கோபக்காரர். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு தடவை. இவன் சொதப்பினா வேற ஆளைப் போடு" என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினார்.

மூன்றாம் தடவை. ஓடி வந்து விழுந்தேன். இந்தத் தடவையும் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை, தலை வெறும் பானையாக இருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய மூன்று வார்த்தையை அவர் சொல்லவில்லை. "கட்" என்றார்கள். "மறந்துட்டேன், மன்னிக்கணும்" என்றார். நாலாம் தடவையும் அதே கதை. "சொல்" என்று ஆரம்பித்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டார். டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "மூணு வார்த்தை வரலைன்னா எதுக்கு வேஷம் கட்டுறீங்க? வீட்ல உட்கார வேண்டியதுதானே" என்று அத்தனை பேர் முன்னால் பேசினார். அவர் கைகூப்பினார். பாறை மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லார் கண்ணும் அவர் மேல் இருந்ததில் என்னை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மூச்சு மெல்ல அடங்கியது. ஐந்தாம் தடவை அவர் கேட்டார், நான் கணீரென்று சொன்னேன். "ஓகே" என்றார்கள். ஜனம் கை தட்டியது. பூமியில் என் கால் பாவவில்லை.

அதற்கப்புறம் கடையில் எனக்கு வேறு பேச்சே இல்லை. ஒரு மாதம் கழித்து, திண்டிவனத்து நாடகக் காண்ட்ராக்டர் ஒருவர் ஜிப்பாவுக்கு அளவு கொடுக்க வந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தத் திருவிழா நாடகமும் அவர் கை வழியாகத்தான் போகும். "அந்த மந்திரி வேஷக்காரரோட குழுவ பத்து நாளைக்கு இங்க பேசலாம்னு இருக்கேன். நீதான் கூட நடிச்சவனாச்சே, ஆளு எப்டி?" என்றார்.

நான் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு பெஞ்சு முன்னால் வந்து நின்று, படப்பிடிப்பில் அவர் நெற்றியைத் தேய்த்ததை அப்படியே நடித்துக் காட்டினேன். கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நல்ல மனுஷன்தான். ஆனா பாடம் நிக்கல. மூணு வார்த்தய ரெண்டு தடவ வுட்டுட்டாரு. நாந்தான் சமாளிச்சேன்" என்றேன். காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. "அப்டியா" என்று கேட்டுக்கொண்டு போனார். அந்தப் பத்து நாளும் வேறு குழுதான் வந்து ஆடியது. நான் குடும்பத்தோடு போய் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆடி மாதம் அந்த உதவி டைரக்டர், நடிகர்கள் இல்லாமல் கோட்டையை மட்டும் சில காட்சிகள் எடுக்க மறுபடி வந்தார். சட்டைப் பொத்தான் அறுந்துபோய் என் கடைக்கு வந்தார். பொத்தான் வைத்துக்கொண்டே, "அந்த ஐயா எப்டி இருக்காரு? இன்னும் மறதிதானா?" என்று கேட்டேன். நக்கலாகத்தான் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மறதியா? உனக்கு இன்னுமா புரியல? நாடகக் கம்பெனியில ஒரு வழக்கம் உண்டு. எதிர்ல நிக்கிறவன் தடுமாறினா, அவன் தடுமாறினது ஜனத்துக்குத் தெரியறதுக்கு முந்தி நீ தடுமாறிடணும். அவன் மூச்சு வாங்கிப்பான். அன்னிக்கு உன் முகத்தப் பார்த்துட்டு அவர் அதத்தான் செஞ்சார். டைரக்டருக்கு நாடகம் தெரியாது, கத்திட்டார்" என்றார். அப்புறம், "பாவம், இப்ப விழுப்புரம், திண்டிவனம் பக்கமெல்லாம் அவருக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு பேச்சு. ஒருத்தரும் நாடகத்துக்குக் கூப்பிடறதில்ல. எவன் கிளப்பி விட்டான்னு தெரியல" என்றார்.

ஊசி விரலில் ஏறியது. எவன் கிளப்பி விட்டான் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. மறுநாளே வெட்டிய துணியை வெட்டியபடி போட்டுவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன். காண்ட்ராக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அன்னிக்கு ஒண்ணு சொன்ன, இன்னிக்கு ஒண்ணு சொல்ற. நா எத நம்புறது? நா நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன், அவங்க நாப்பது பேர்கிட்ட சொல்லியிருப்பாங்க. எல்லாத்தையும் கூப்ட்டுத் திருப்பி வாங்க முடியுமா?" என்றார். திரும்பி வந்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். அவர் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் இருமுவது உள்ளே கேட்டது.

என் மனைவி, "இன்னா, கால்ல சக்கரம் கட்டிக்கினு இருக்குற? அவரயே நேரா பாத்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடேன்" என்றாள். அது சரியென்று பட்டது. வந்தவாசிப் பக்கம் ஒரு ஊரில் அவர் நாடகம் நடப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். பஸ்ஸில் வழி முழுக்க என்ன சொல்வதென்று மனப்பாடம் செய்தேன். 'ஐயா, அந்தப் பேச்சைக் கிளப்பினவன் நான்தான்.' இதுவும் சின்ன வசனம்தான்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஓலைக் கொட்டகையின் பின்பக்கம் ஒரு தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து அவர் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். குழு என்று எட்டுப் பேர்தான் தெரிந்தார்கள். கையில் இருந்த சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். திரும்பாமலே, அந்தப் படிக்கட்டில் நின்று கேட்ட அதே குரலில், "சொல், என்ன செய்தி?" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வாய் வரவில்லை. கோட்டையில் அடைத்துக்கொண்ட அதே இடத்தில் அடைத்துக்கொண்டது. அப்புறம் அவரே, "அமைச்சரே, வடக்கு வாசல் போய்விட்டது. நம் வீரர்கள் ஒருவரும் மிச்சமில்லை" என்று என்னுடைய வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார். "உனக்கு இன்னும் அந்த பயம் போகலியா தம்பி? எனக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு ஊர்ல பேச்சு கிளம்பி, இங்க பன்னெண்டு பேர் வேற பொழப்பப் பார்த்துக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப ராஜாவும் நான்தான், சேவகனும் நான்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை. யார் மேலும் சந்தேகம் இருந்ததாகவும் தெரியவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ராஜா அங்கியில் தோள் பிரிந்து கிடந்ததைப் பார்த்து, "ஊசி இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். உட்கார்ந்து தைத்தேன். பிரியாத இடத்தையும் பிரித்துத் தைத்தேன். நாடகம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தேன்.

படம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. நான் ஓடி வருகிறேன், மண்டியிடுகிறேன். பேசுகிற குரல் வேறு யாருடையதோ. மெட்ராஸில் வேறு ஆளைப் பேசவைத்துச் சேர்த்துவிட்டார்கள். அவர் அவமானப்பட்டுக் காப்பாற்றிக் கொடுத்த என் வரி அதில் இல்லவே இல்லை.

சில வருஷங்களில் அவர் காலமானார் என்று செய்தி வந்தது. பத்திரிகையில் நாலு வரி. நான் அன்று சொல்லாமல் விட்டதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன், அவர் படிக்கப்போவதில்லை. இன்றைக்கும் எங்கேயாவது ஒருவர் பேச்சில் தடுமாறி நின்று ஊர் சிரித்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, அவர் யாருக்காகத் தடுமாறுகிறாரோ என்று பக்கத்தில் நிற்கிறவரைத்தான் தேடிப் பார்க்கிறேன்.