நிலக்கரிக்குப் பதிலாக ஒரு சோலை

மலையடிவாரத்து ரயில் நிலையத்தின் சரக்கு முற்றத்தில் அந்த மரங்கள் இரண்டு மழைக்காலம் கிடந்தன. முதல் மழையில் பட்டை உரிந்தது. இரண்டாவது மழையில் வெட்டுமுகங்களில் காளான் முளைத்தது. ஒவ்வொரு கட்டையிலும் தாரால் ஓர் எண்ணும், அதன் கீழே ‘அவசரம்’ என்ற சொல்லும் எழுதியிருந்தார்கள். மழைக்கு எழுத்து அழியவில்லை. நல்ல தார்.

அவை எந்த ஊர் மரங்கள் என்று எனக்குத் தெரியும். அவை வெட்டப்பட்டதற்கு நான் எழுதிய செய்தியும் ஒரு காரணம்.

சீனாவோடு போர் வந்த ஆண்டு அது. மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு நான் கொடைக்கானலில் பகுதிநேர நிருபர். அட்டுவம்பட்டியில் ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தேன். பிரமுகர் வருகை, மலைச் சாலை விபத்து, பூண்டு விலை, ஏரியில் படகுப் போட்டி. இவ்வளவுதான் என் செய்திகள்.

போர் நடந்த இடம் நாட்டின் மறுகோடி. எங்களுக்கு அது ரயிலில்தான் தெரிந்தது. அடிவாரத்தில் நின்று போகும் பாசஞ்சர் வண்டிகளில் ஒன்றை ரத்துச் செய்தார்கள். மற்றொன்று வந்தது, ஆனால் எப்போது வரும் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒருநாள் என்ஜின் டிரைவர், தண்டவாளத்தோரம் கொட்டிய சாம்பலைக் கம்பியால் கிளறிக் காட்டினார். அதில் பாதி கல்.

“பாருங்க சார். இது கரியா, ஜல்லியா? இதப் போட்டா நீராவி எங்க ஏறும்? மேட்டுல வண்டி நின்னுபோச்சுன்னா எல்லாரும் என்னத்தான் வையிறாங்க. நேத்து ஒருத்தன், எறங்கித் தள்ளட்டுமான்னு கேக்குறான்.”

“தள்ளினாரா?”

“அந்தப் புண்ணியவான் டிக்கெட்டே எடுக்கல சார்.”

என் அக்காவின் கணவர் பீகாரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் எழுத்தராக இருந்தார். காலி வேகன் எத்தனை வந்தது, எத்தனை கரி ஏற்றிப் போனது என்று எழுதுவது அவர் வேலை. இங்கே கரிப் பஞ்சத்தால் ரயில் நிற்கிறது என்று அவருக்கு எழுதியிருந்தேன். கார்த்திகையில் பதில் வந்தது.

‘மாப்பிள்ளை, அங்கே கரி இல்லை என்கிறாய். இங்கே கரி வைக்க இடம் இல்லை. சுரங்க வாயிலில் கொட்டிக் கொட்டிக் குன்றாக நிற்கிறது. காலி வேகன் வந்தால்தானே அனுப்புவதற்கு? எல்லாம் ராணுவச் சாமான் ஏற்றிக்கொண்டு அசாம் பக்கம் போய்விட்டது. போனது திரும்பவில்லை. வேகனைத் திருப்பிக் கொண்டுவர என்ஜின் வேண்டும். என்ஜினுக்குக் கரி வேண்டும். கரி இங்கே கிடக்கிறது. குவித்து வைத்த கரி தானாகச் சூடேறிப் புகைய ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் ஒரு மூலை பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். வேகன் வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். நாட்டில் கரி இல்லை என்று ரேடியோவில் கேட்டபடி, கரி வெட்டுகிறவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.’

சுரங்கத்தின் பெயரையும் அவர் பெயரையும் விட்டுவிட்டு இதை அப்படியே செய்தியாக்கி மதுரைக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. ‘போர்க்காலத்தில் இது எதிரிக்கு உதவும். மலைவாழ் மக்களின் தேசபக்தி குறித்து ஏதாவது அனுப்பவும்.’

கரிக்குவியல் பற்றி எரிவது எதிரிக்கு உதவாதாம். அது எரிகிறது என்று பத்து வரி எழுதினால் உதவுமாம். இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தேசபக்தி தேடிக் கிளம்பினேன்.

கொடைக்கானலுக்கு மேற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் ஓர் ஊர். படிப்படியாக வெட்டிய நிலத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுவார்கள். ஊருக்கு மேலே சாமியின் சோலை. அதற்குள் யாரும் கத்தி கொண்டுபோவதில்லை, மண்வெட்டி கொண்டுபோவதில்லை, விழுந்த சுள்ளியைக்கூட எடுப்பதில்லை. சோலைக்குள் ஓர் ஊற்று இருந்தது. அதிலிருந்து இறங்கும் வாய்க்கால்தான் ஊருக்கே தண்ணீர். வாய்க்காலின் முதல் மடை ஒரு பெண்ணின் நிலத்துக்கு. அவள் கணவன் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தான். பூண்டு ஊன்றுவதிலிருந்து சந்தைக்குக் கொண்டுபோவது வரை அவள்தான்.

கரி வராததால், ரயில் என்ஜினுக்கும் ஆலைக் கொதிகலன்களுக்கும் விறகு சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அந்த வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் இந்தச் சோலையைப் பார்த்து வைத்துவிட்டார். ஊர்ச் சம்மதம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் வனத்துறை அதிகாரி. அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை இது. ஒப்பந்தக்காரர் ஊர்ப் பெரியதனக்காரரிடம் போனார். மரம் எடுக்க லாரிப் பாதை போடுவோம், அந்தப் பாதை உங்களுக்கே என்றார். பூண்டு மூட்டையைக் குதிரை முதுகில் ஏற்றியே கிழவரானவர் பெரியதனக்காரர். பாதை என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது.

சாமியின் பொருளைத் தொட வேண்டுமானால் சாமியிடம் கேட்க வேண்டும். ஒரு வெள்ளை ரோஜாவையும் ஒரு சிவப்பு ரோஜாவையும் தனித்தனி இலைப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். அந்த ஆண்டு முறை எந்த வீட்டுக்கோ, அந்த வீட்டுப் பெண் கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் வாய்க்காலில் விட்டுவிடுவார்கள். சாமி ஒதுக்கியதை மனிதர் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அந்த ஆண்டு முறை, முதல் மடைக்காரியின் வீட்டுக்கு.

மார்கழிக் காலை. புல்லில் உறைபனி. நான் காமிராவோடு வாய்க்கால் ஓரம் நின்றேன். வெளிச்சம் அங்கேதான் சரியாக விழுந்தது.

“ஏலே, தள்ளி நில்லுங்கலே. பேப்பர்க்காரத் தம்பி போட்டா பிடிக்கட்டும்” என்றார் பெரியதனக்காரர்.

“வெள்ளனே எந்திரிச்சு இந்தக் குளிருல பச்சத்தண்ணி ஊத்திக்கிட்டது நானு. போட்டாவுல விழப்போறது உங்க மீசை” என்றாள் அவள். கூட்டம் சிரித்தது. அவரும் மீசையைத் தடவிக்கொண்டார்.

அவள் கண்ணை மூடி இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். பெரியதனக்காரர் பிரித்தார். வெள்ளை. கைதட்டியவர் ஒப்பந்தக்காரர் மட்டும்தான்.

படச்சுருளைத் திருப்புவதற்காகக் குனிந்தேன். வாய்க்காலில் விட்ட மற்றப் பொட்டலம் என் காலடியில் ஒரு கல்லில் தட்டி நின்றது. நார் நனைந்து நழுவியது. இலை விரிந்தது. உள்ளே இருந்ததும் வெள்ளை ரோஜா.

நிமிர்ந்தேன். பெரியதனக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படாமல் வந்து, கைத்தடியால் அந்த இலையைக் கல்லிலிருந்து தள்ளிவிட்டார். பூ தண்ணீரோடு போயிற்று.

“தண்ணி சில்லுன்னு கெடக்கு தம்பி. மேல வாங்க, காப்பி குடிப்போம்.”

போனேன். காப்பி குடித்தேன். ‘சோலையை நாட்டுக்குத் தந்த மலைக்கிராமம்’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டாம் பக்கத்தில் படத்தோடு வந்தது. படத்தில் மீசை தெளிவாக விழுந்திருந்தது. அந்தப் பக்கத்தை வெட்டி வனத்துறைக் கோப்பில் ஒட்டி, அதையே ஊர்ச் சம்மதமாக வைத்துக் கையெழுத்து வாங்கினார் ஒப்பந்தக்காரர். எல்லையில் சண்டை நின்று அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது.

சோலை இருபது நாளில் போயிற்று. லாரிப் பாதை மறுசரிவு வழியாகச் சோலை வரை வந்தது. மரம் தீர்ந்ததும் பாதையும் அங்கேயே நின்றது. ஊருக்குள் ஓர் அடி வரவில்லை. ஊற்றின் கரை மேலேயே மரங்களை இழுத்ததால் தடம் பள்ளமாகி, தண்ணீர் மறுசரிவில் அந்தப் பாதை வழியாக இறங்க ஆரம்பித்தது.

மாசியில் வேறொரு வேலையாக ரயில் நிலையத்துக்குப் போனபோது முற்றத்தில் மரங்களைப் பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டேன்.

“வேகன் கேட்டு எழுதியிருக்கு சார். வந்ததும் அனுப்பிடலாம்.”

“எங்கே அனுப்ப?”

“என்ஜின் ஷெட்டுக்கு, ஆலைக்கு. கரிக்குப் பதிலா.”

“கரி ஏன் வரவில்லை?”

“அதான் சார், வேகன் இல்லையே.”

ஒப்பந்தக்காரர் எங்கே என்றேன். அவர் பொறுப்பு முற்றத்தில் இறக்குவதோடு முடிந்தது, ரசீது வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார். அந்த முற்றத்தில் நின்றபோது எனக்கு வந்த கோபம் இன்றும் குறையவில்லை. பீகாரில் வேகனுக்காகக் கரி காத்துக் கிடக்கிறது. அந்தக் கரிக்குப் பதிலாக வெட்டிய மரம் இங்கே வேகனுக்காகக் காத்துக் கிடக்கிறது. உத்தரவு எழுதிய மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும், விறகும் அதே தண்டவாளத்தில்தான் போக வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கார்த்திகையிலேயே என்னிடம் கடிதம் இருந்தது.

பங்குனியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முதல் மடைக்காரி என்னைத் தேடி வந்தாள். வழக்கமாகப் பூண்டுக் கூடையோடு வருகிறவள். அன்று கை வெறுமையாக இருந்தது.

“பேப்பர்க்காரண்ணே, ஒரு சோலியா வந்தேன். ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்.”

“கேளும்மா.”

“வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல. தையில ஊண்டுன பூண்டு தீஞ்சுபோச்சு. தண்ணி அந்தப் பக்கம் ஓடுது. மண்ண வெட்டி இந்தப் பக்கம் திருப்புறதுக்கு எவனும் வரமாட்டேங்கிறான். சாமியே வெள்ளப்பூவக் குடுத்து அனுப்பிருச்சு, இனி அங்க மம்பட்டி வச்சா குத்தம்கிறான். அது கூடப் பரவால்ல. நான் தீட்டோட பூ எடுத்தேன், அதான் சாமி மாத்திச் சொல்லிருச்சுன்னு பேசுறாளுக. குடிக்கத் தண்ணிக்கு அந்தப் பக்கம் போனா எனக்கு வழிவிட்டு விலகி நிக்கிறாளுக.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீங்க வாய்க்கா ஓரந்தான நின்னீங்க. அந்த இன்னொண்ணுல என்ன பூ இருந்துச்சு?”

“வெள்ளை” என்றேன்.

அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அன்னிக்கே பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

“பேப்பர்ல போடலயா?”

“இல்லை.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “பஸ்ஸு கெளம்பப் போகுது. வெரசா வாங்க. ஊருக்கு முன்னாடி சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அன்று மாலை ஊர்க்கூட்டத்தில் நான் பார்த்ததைச் சொன்னேன். எல்லோரும் பெரியதனக்காரரைப் பார்த்தார்கள். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

“ஆமா. ரெண்டும் வெள்ளதான். நாந்தான் கட்டுனேன். எல்லையில பிள்ளைக செத்துருக்காங்க. அவனவன் யுத்த நிதிக்குப் பொண்டாட்டி தாலிக்கொடியக் கழட்டிக் குடுக்கிறான், எவன் சாமிகிட்டக் கேட்டுக் குடுத்தான்? ரோடும் வரும்னாங்க. சாமி செவப்பக் குடுத்துட்டா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சர்க்காருக்கு இல்லேங்கிறது?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்களும் பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க தம்பி. அன்னிக்கு வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?”

முதல் மடைக்காரி முன்னால் வந்தாள்.

“அப்ப சாமிகிட்ட இன்னும் யாரும் கேக்கல. நாளைக்குக் கேப்போம், தண்ணியத் திருப்பலாமான்னு. இந்த வருசம் முற எனக்குத்தான். நாந்தான் எடுப்பேன். பூவ எல்லாரும் பாக்கக் கட்டணும்.”

தண்ணீருக்குப் போனால் விலகி நின்ற பெண்களில் ஒருத்தி, “ரோசாப்பூ எங்க வீட்டு வேலியில கெடக்கு, நான் பறிச்சுட்டு வாறேன்” என்றாள்.

மறுநாள் காலை, வெட்டிய அடிமரங்களுக்கு நடுவே கூடினார்கள். நிழல் இல்லாததால் சாமியின் கல் வெயிலில் இருந்தது. ஊர் பார்க்கப் பெரியதனக்காரர் இரண்டு பொட்டலம் கட்டினார். அவள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. மற்றதை எடுத்துக்கொண்டு அவர் வாய்க்கால் பக்கம் நகர்ந்தபோது, அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அதையும் பிரிங்க.”

“வழக்கமில்ல ஆத்தா.”

“பிரிங்க பெரியப்பா.”

பிரித்தார். சிவப்பு. ஒவ்வொருவரும் கிட்டே வந்து பார்த்தார்கள். அதன் பிறகு அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வாய்க்காலில் விடத் தண்ணீர் இல்லை. அவள் அதை வாங்கிக் காய்ந்த வாய்க்காலின் முதல் கல்மேல் வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். ஊர் பின்னால் போயிற்று. பெரியதனக்காரரும் போனார்.

உச்சிவேளைக்குள் தண்ணீர் திரும்பியது. முன்பு வந்ததில் கால்பங்கு இருக்கும். குடிக்கப் போதும். பூண்டுக்குப் போதாது, காலமும் கடந்துவிட்டது. சித்திரை பிறந்ததும் தாண்டிக்குடித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகப் போவதாகச் சொன்னாள். ஊரில் இனி யாரும் அவளைத் தீட்டு என்று சொல்ல முடியாது. அவளுக்கு அந்த ஆண்டு மிஞ்சியது அதுதான்.

நான் கிளம்பும்போது, “இதயாவது எழுதுங்கண்ணே” என்றாள்.

எழுதினேன். இரண்டு பொட்டலங்கள், சோலை, ஊற்று, முற்றத்தில் கிடக்கும் மரம், பீகாரில் புகையும் கரி, நான் முன்பு எழுதாமல் விட்டது, எல்லாவற்றையும் எழுதினேன். மூன்றாம் நாள் கார்டு வந்தது. ‘போர் முடிந்துவிட்டது. இது பழைய செய்தி.’

அதே தபாலில் அக்காவின் கணவர் கடிதமும் இருந்தது. வேகன் கொஞ்சம் வர ஆரம்பித்திருக்கிறது, வேலைக்கு ஆட்களைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். பெரிய குவியல் அடியில் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, அதை அணைக்கத் தெரியவில்லை என்றும்.