மூன்று கிலோ கழிவு

முதலில் தெரிந்தது ஷூ லேஸில்தான். ஒரு நாள் காலை முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். கை லேஸுக்கு எட்டவில்லை. "வசந்தி, இத கொஞ்சம் கட்டு" என்றார். அன்றிலிருந்து நான்தான் கட்டுகிறேன்.

அவர் பெயர் செல்வராசு. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. இருப்பது முத்தாண்டிக்குப்பத்தில். பெல்ட்டை ஒட்டிய இரும்புப் படிகளில் ஒரு ஷிப்டுக்குப் பலமுறை ஏறி இறங்க வேண்டும். அந்த வருடம் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கத் தொடங்கியது. சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்தார். படியேற முடியாதவருக்கு அடுத்த கான்ட்ராக்டில் இடமில்லை.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் (இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிச் சிறிதாக்குவது) சொன்னார்கள். சொந்தக் காசில் அது எங்களால் ஆகாத காரியம். கான்ட்ராக்டர் எடுத்திருந்த காப்பீடு ஒன்றுதான் வழி. அதற்கு இரண்டு நிபந்தனைகள். உடல் நிறைக் குறியீட்டெண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் கணக்கு) நாற்பதுக்குக் குறையக் கூடாது. ஆறு மாதம் டாக்டர் மேற்பார்வையில் உணவுக் கட்டுப்பாடு இருந்து, மாதாமாதம் எடையைப் பதிவு செய்ய வேண்டும். என் கணவரின் உயரத்துக்கு நூற்றிருபத்திரண்டரை கிலோ அந்த எல்லை. அவர் நூற்றிருபத்தாறு.

அதாவது சோற்றைக் குறைத்துக் காட்ட வேண்டும், ஆனால் உடம்பு ரொம்பக் குறைந்துவிடக் கூடாது. இதை வகுத்தவர் யாரோ, அவர் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கட்டும்.

சுரங்கத்து டவுன்ஷிப்பில் நாங்கள் பார்த்த டாக்டரின் எடை மிஷின் நூற்றிருபதோடு நின்றுவிடும். "வேற எங்கயாவது நல்ல மிஷின்ல பாத்து எழுதிகிட்டு வாங்க, ஃபைல்ல சேத்துக்கறேன்" என்றார் அவர். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வேலை செய்வது முந்திரிக் குடோனில், எடை போட்டுச் சீட்டு எழுதும் வேலை. முந்நூறு கிலோ வரை காட்டும் மிஷின் என் கைக்குக் கீழேயே இருந்தது.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, ஷிப்ட் முடிந்து அவர் நேரே குடோனுக்கு வருவார். கொட்டை உடைக்கும் பெண்கள் இருபது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் மாதம் ஷூவைக் கழற்றலாம் என்று நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எல்லாரும் பாத்துகினு இருக்காங்க. ஏந்திரி."

"ஷூவோட நின்னா எடை கூடக் காட்டுமுங்க."

"நீதான எழுதற, கழிச்சிக்க."

குடோனில் மூட்டை எடை போட்டால் சாக்குக்கும் ஈரத்துக்கும் ஒரு கழிவு உண்டு. நின்ற எடையை அப்படியே எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஷூ, பெல்ட், சுரங்கத்து மண் ஏறிய கனத்த சட்டை பேன்ட் எல்லாவற்றுக்குமாக மூன்று கிலோ கழித்தேன். ஆறு மாதமும் அதே மூன்று. நியாயமாக எழுதுகிறோம் என்றுதான் நினைத்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சீட்டை நீட்டும்போது எண் சிறியதாக இருந்தால் அவர் முகம் தெளியும். அந்த முகத்துக்காகவும் கழித்தேன்.

ஆறாவது மாதம் மிஷின் நூற்றிருபத்தைந்து காட்டியது. நூற்றிருபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லையைவிட அரைக் கிலோ குறைவு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. டாக்டரும் கவனிக்காமல் ஃபைலில் வைத்து அனுப்பினார்.

எடை எல்லைக்குக் கீழே என்று காப்பீட்டுக் கம்பெனியின் மறுப்புக் கடிதம் வந்த அன்று ஷூவையும் பெல்ட்டையும் உடுப்பையும் ஒரு பையில் போட்டுக் குடோனுக்கு எடுத்துப் போனேன். மிஷினில் வைத்தேன். ஒன்றரை கிலோகூட இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கம்பெனிக்கு டாக்டர் விளக்கம் எழுதினார். பதிவான எடையைப் பிறகு திருத்த முடியாது, புதிதாக ஆறு மாதம் தொடங்குங்கள், எடையை டாக்டரே போட வேண்டும் என்று பதில் வந்தது. கான்ட்ராக்ட் முடிய நான்கு மாதம்தான் இருந்தது. கான்ட்ராக்டோடு காப்பீடும் போய்விடும்.

வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நாந்தான கழிக்கச் சொன்னேன்" என்றார், அவ்வளவுதான்.

இதே வரிசையில் நிற்பவர்கள் யாராவது இதைப் படித்தால், எடையை டாக்டர் முன்னால் போடுங்கள். வெட்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் கையால் எதையும் கழிக்காதீர்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

நான்கில் ஆறு அடங்காது என்று தெரிந்தும் மறுபடி தொடங்கினோம். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. டாக்டர் பெரிய மிஷின் வாங்கியிருந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். மிஷின் நூற்றிருபத்தேழு காட்டியது.

"அப்பாடா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. மாடிப்படி ஏற முடியாத மனுஷனுக்கு எடை கூடியதில் எனக்குச் சந்தோஷம். அவர் மிஷினிலிருந்து இறங்காமல் என்னைப் பார்த்தார்.

"சந்தோசமா?"

"ஆமாங்க."

முன்பெல்லாம் எங்களுக்கு மாதம் என்றால் சம்பளம், பண்டிகை, மகளின் பரீட்சை. இப்போது ஒரு முதல் தேதிக்கும் அடுத்த முதல் தேதிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அவர் உடம்பு யாரோ எங்கோ படிக்கும் ஒரு ஃபைலாகிவிட்டது. தினமும் காலையில் அந்த ஷூவைக் கையில் எடுக்கும்போது, அதன் கனம் எவ்வளவு என்று என் கை தானாகப் பார்க்கிறது.

அவர் மிஷினிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள், கதவு திறந்தே கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஷூவை மாட்டி லேஸைக் கட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். அவர் இந்த முறை காலை இழுத்துக்கொள்ளவில்லை.