தலைகீழாக நடந்த கிழவி

எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்தது எண்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதத்தில். என் வீட்டுக்காரர் காரைக்காலில் துணிக்கடையில் வேலை பார்த்தார். முதலாளி வீட்டுப் பழைய டி.வி. அது. அது வாசற்படி ஏறியதே என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் கண்டவர் குரலும் வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்றார். கடைசியில், ஆனி மாத மாங்கனித் திருவிழா வரைக்கும் இருக்கட்டும், பிறகு வந்த வழியே போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு அதை விட மனமில்லை. பகலெல்லாம் அடுப்படியிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிடந்தவளுக்கு, உட்கார்ந்து சிரிக்க ஒரு சாக்கு கிடைத்திருந்தது.

ஆண்டெனாவைத் தெற்கே திருப்பினால் இலங்கை டி.வி. பளிச்சென்று விழும். வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் அதில் ஒரு கார்ட்டூன். பேசுவது சிங்களம், ஒரு வார்த்தை புரியாது, ஆனால் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் கூடத்தில்தான். ஒரு தபால்காரனும் அவன் கழுதையும் படும் பாடுதான் கதை. நடுவில் ஒரு கிழவி கொஞ்ச நேரம் வந்து போவாள். எலும்பும் தோலுமாக இருப்பாள். தலைமுடி விறைத்து நிற்கும். கோபம் வந்தால் தலைகீழாகி, கைகளை ஊன்றியே மலையேறிப் போய்விடுவாள்.

ஒருநாள் விளக்கோடு வந்த மாமியார் அதைப் பார்த்து நின்றுவிட்டார். விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"அம்மையாருடி" என்றார்.

பேய் வடிவம் வாங்கிக்கொண்டு, கால் படக்கூடாதென்று தலையால் கயிலை ஏறியவர் எங்கள் காரைக்கால் அம்மையார். ஒரு நிமிடம் எனக்கே கை குவிந்தது. நம் ஊர் அம்மையாரைக் கடல் தாண்டி எப்படிக் காட்டுவார்கள் என்று என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்.

"ராவணன் சிவபக்தன் இல்லியாடா? அவன் ஊருல மறப்பாங்களா?"

அடுத்த வாரத்திலிருந்து, அம்மையார் அடியாருக்குப் படைத்தது போலவே தயிர்சோறும் மாம்பழமும் டி.வி.க்கு முன்னால் வந்தன. பிள்ளைகள் சிரிக்கக் கூடாதென்று உத்தரவு. அவர்களும் துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குவார்கள். டி.வி. தப்பித்தது என்ற சந்தோஷம் எனக்கு. கூடவே, சாமி காரியத்தில் இப்படியா என்ற உறுத்தலும்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் கிழவி கைகளால் நடந்து வந்து, நேரே மாவுத் தொட்டிக்குள் விழுந்தாள். வெள்ளை வெளேரென்று எழுந்தவள் கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். எல்லாரும் மாமியாரையே பார்த்தோம். போச்சு, டி.வி. நாளைக்கே வண்டியேறும் என்று நினைத்தேன்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அப்புறம் அடக்க முடியாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இது அம்மையார் இல்லடி. யார் வீட்டு மாமியாளோ, பாவம்."

பிள்ளைகள் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உருண்டார்கள். எனக்கும் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

திருவிழாவன்று சிவன் பிச்சாண்டவராக வரும் வீதியுலாவில், மாடியிலிருந்து இறைத்த மாம்பழத்தில் மூன்றை மாமியார் முந்தானையில் ஏந்திவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஒன்றைச் சாமிக்கு வைத்தார், ஒன்றை அறுத்து எல்லாருக்கும் கொடுத்தார். மூன்றாவதை டி.வி. மேல் வைத்தார்.

"திருவிழா முடிஞ்சுதேம்மா, கொண்டுபோயிடவா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வியாழக்கிழமை அவ வருவாளேடா" என்றார் மாமியார்.