லாபியில் ஒரு சீமைக்கருவேலங் கிளை

1. செக்யூரிட்டி ரூம்

காலை பதினொரு மணிக்கு என்னைச் செக்யூரிட்டி ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அபுதாபியில் நான் வேலை பார்த்த ஹோட்டலில் அந்த ரூமுக்குப் போனவர்களில் பாதிப் பேர் அடுத்த விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்தவர்கள். என் விசாவில் இருந்தது ஃப்ளோரிஸ்ட் ஹெல்பர். வயது ஐம்பத்தொன்று. மகளுக்குக் காலேஜில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. பயந்துகொண்டேதான் போனேன்.

லாபியில் வைத்திருந்த ஜப்பானியப் பூ அலங்காரத்தில் காஃப் மரத்துக் கிளை இருப்பதாக ஓர் எமிராத்தி அம்மா புகார் கொடுத்திருந்தார். காஃப் என்பது நம் ஊர் வன்னி. இந்த நாட்டின் தேசிய மரம். அனுமதி இல்லாமல் வெட்டினால் அபராதம். வெட்டியது ஒரு ஹெல்பர் என்றால் ஹோட்டல் அவனுக்காகப் பரிந்து பேசாது.

மேனேஜர் ரகுநாத் சார் அங்கே உட்கார்ந்திருந்தார். சென்னைக்காரர், என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். முந்தின நாள் வரை அலங்காரத்துக்குப் பக்கத்தில் 'வடிவமைப்பு: ரகுநாத்' என்று ஒரு கார்டு நின்றது. அன்று காலை அதைக் காணோம்.

2. மூன்று வகுப்பு மேதை

எங்கள் ஹோட்டலில் ஒரு ஜப்பானிய டீச்சர் இரண்டு வருடம் இகெபானா என்ற பூ அலங்கார வகுப்பு நடத்தினார். பக்கெட் தூக்குவது, தண்டு வெட்டுவது, கடைசியில் கூட்டிப் பெருக்குவது என் டூட்டி. தூக்கிக்கொண்டே பார்த்தேன், பார்த்துக்கொண்டே கற்றேன்.

ரிக்கா பழைய பாணி. கோயில்களில் வைத்தது. உயரமான ஜாடியில் ஒவ்வொரு கிளைக்கும் ஓர் இடம் உண்டு. அரை நாள் ஆகும். ஷோகாவில் வானம், மனிதன், பூமி என்று மூன்றே கோடு. மொரிபானா பிற்காலத்தது. தட்டையான தட்டில், ஊசி நட்ட கனமான கட்டையில் பூவைக் குத்தி நிறுத்துவார்கள். ஃப்ரீ ஸ்டைல் எல்லாவற்றுக்கும் பிந்தியது. முந்தையவை கைக்கு வந்த பிறகே அதைத் தொட வேண்டும் என்பார் டீச்சர்.

ரகுநாத் சார் மூன்று வகுப்புக்கு வந்தார். இரண்டில் போனில் பேசிக்கொண்டிருந்தார். மாடர்ன் என்றால் விதியே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டார். சோம்பேறிகளுக்கு இதைவிட வசதியான கொள்கை வேறு இல்லை.

"முனியசாமி, லாபிக்கு ஒண்ணு பண்ணுங்க. மேல ரிக்கா, கீழ ஃப்ரீ ஸ்டைல், நடுவுல கோல்டு ஸ்ப்ரே. கெஸ்ட் அசந்து போகணும்."

"சார், ரெண்டையும் ஒண்ணா வச்சா ரெண்டும் கெட்டுப்போகும்."

"உங்களுக்கு டிசைன் சென்ஸ் வராது. சொன்னதச் செய்யுங்க."

சொல்லிவிட்டு மூன்று நாள் லீவில் போனார். நான் முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு கராஜுக்குப் பின்னால் தானாக முளைத்துக் கிடந்த சீமைக்கருவேலத்தில் ஒரு கோணல் கிளை வெட்டி வந்தேன். இலையை உருவினேன், முள்ளை விட்டேன். கறுப்புத் தட்டு, அந்தக் கிளை, கீழே மூன்று மஞ்சள் சாமந்தி. கோல்டு ஸ்ப்ரே டப்பாவைத் திறக்கவே இல்லை. ஜெனரல் மேனேஜர் நின்று பார்த்துப் பாராட்டினார். லீவு முடிந்து சார் வந்த அன்று மாலையே அவர் பெயர் போட்ட கார்டு வந்து நின்றது.

3. முள்

செக்யூரிட்டி சூப்பர்வைசர் மலையாளி. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ரகுநாத் சார் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கிளையைத் தேர்ந்தது, வடிவமைத்தது, வைத்தது எல்லாம் முனியசாமி மட்டுமே. யாருடைய வழிகாட்டுதலும் இல்லை. தனக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது.

"படிச்சாச்சுன்னா சைன் பண்ணுங்க சேட்டா," என்றார் சூப்பர்வைசர்.

நான் நிதானமாகப் படித்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. போட்டேன். ஒரு காப்பி கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லோரும் லாபிக்குப் போனோம். அந்த அம்மா அங்கேயே நின்றிருந்தார். நான் ராமநாதபுரத்துக்காரன். வன்னிக்கும் சீமைக்கருவேலத்துக்கும் வித்தியாசம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"மேடம், காண்ட்டா தேக்கியே, முள்ளப் பாருங்க. இதுல கணுவுக்கு ரெண்டு ரெண்டா இருக்கு. காஃபுல சின்ன முள்ளு, ரெண்டு கணுவுக்கு நடுவுல கண்டபடி இருக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். தோட்டத்தில் காஃப் வளர்ப்பவர் போலிருக்கிறது, சட்டென்று புரிந்துகொண்டார்.

"மாஃபி காஃப். கலாஸ்," என்றார். காஃப் இல்லை, விஷயம் முடிந்தது என்று அர்த்தம். போகிறபோது என் கையைக் காட்டி, "யே தும் பனாயா? பஹுத் அச்சா," என்று, நீ செய்ததா, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்.

ரகுநாத் சார் அந்த அம்மாவை வழியனுப்ப வாசல் வரை போனார்.

சாயங்காலம் என்னிடம் வந்தார். "அந்தப் பேப்பரக் கிழிச்சிடலாமே முனியசாமி. மேட்டர் முடிஞ்சுபோச்சில்ல?"

"இருக்கட்டும் சார். நீங்க ஆசையா எழுதினது."

4. கற்றது

ஆறு மாதம் கழித்து வேறொரு ஹோட்டலில் டிசைனர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். அனுபவச் சான்று வேண்டும் என்றார்கள். ரகுநாத் சார் கொடுத்த லெட்டரில் ஹெல்பர் என்றுதான் இருந்தது. அதோடு அலங்காரத்தின் போட்டோவையும் மடித்து வைத்திருந்த காப்பியையும் நீட்டினேன். இன்டர்வியூ எடுத்தவர் இரண்டு முறை படித்தார், சிரித்தார், எப்போது சேர்கிறீர்கள் என்றார்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மேலதிகாரி உங்கள் மேல் பழி போட்டால் பதறாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். பாராட்டி எழுதச் சொன்னால் அவர்களுக்குக் கை வராது. பழி போடும்போதுதான் யார் வேலை செய்தது என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறார்கள்.