ஞானபாய் அக்கா ஊதிய காலை

ஞானபாய் அக்காவுக்கு மூக்கு ஒன்றல்ல, ஏழு என்று எங்கள் சைட்டில் பேச்சு. முந்தின நாள் குடித்தவனைக்கூட லிப்ட் வாசலிலேயே மோந்து பிடித்துவிடுவாள். கழக்கூட்டத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் ஆளையும் சிமென்டையும் மேலே ஏற்றும் லிப்டை ஓட்டுகிறவள் அவள்தான். பாறசாலைக்காரி; பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். பல வருஷம் தலையில் கலவைச் சட்டி சுமந்து, கெஞ்சி, சண்டை போட்டு, பழகி வாங்கிய சாவி அது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நடக்கிற நடை இருக்கிறதே, அடேயப்பா! டைல்ஸ் ஒட்டுகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குடித்திருக்கிறோமா என்று கண்டுபிடிக்க கேட்டில் ஊதுகிற மெஷின் வந்தபோது ஆண்கள் மட்டும் ஊதினால் போதும் என்றார்கள். அக்கா விட்டால்தானே!

"பொம்பிளைக்கு என்ன சலுகை? நானும் ஊதுவேன். பீப் அடிச்சா சாவியப் பிடுங்கிக்கோ" என்று மேனேஜரிடம் மல்லுக்கு நின்று, அதையே சட்டமாக்கினாள். பீப் அடித்தால் லிப்ட்காரருக்கு அப்புறம் லிப்டே கிடையாது. யார் கேட்டார்கள் இவளை?

போன திங்கட்கிழமை வரிசையில் முதல் ஆளாக நின்று ஊதினாள். பீப்!

விசில் பறந்தது பாருங்கள்! கம்பி கட்டுகிற மகாராஜா, அவள் மூக்கில் அதிகம் மாட்டினவன், ஹெல்மெட்டைத் தட்டித் தாளம் போட்டான். நானும் ஆடினேன், பொய் சொல்வானேன்.

சேஃப்டி ஆபீசர் ராஜஸ்ரீ, கோட்டைப் பக்கத்து அக்ரகாரத் தமிழ்ப் பெண், பதறிப்போனாள். "என்னக்கா இது, சத்தம் போடறதே! ஏதாவது சாப்ட்டேளா?"

"கர்த்தராண ஒண்ணும் குடிக்கல்ல மோளே. வயிறு உப்பிசமா இருந்து. ஜங்ஷன் வைத்தியசாலையில இப்பம்தான் ஒரு கிளாஸ் அரிஷ்டம் குடிச்சேன். அது மருந்தில்லா?"

"ஐயோ, அரிஷ்டத்துலயும் ஆல்கஹால் இருக்கேக்கா!"

அக்காவின் முகம் வெளுத்தது. சாவியை இடுப்பிலிருந்து எடுத்துத் தானே நீட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சட்டம் நான் சொன்னதாக்கும். எடுத்துக்கோ. சட்டியே சுமக்கேன்."

எங்கள் ஆட்டம் அப்படியே நின்றது. தினமும் நம்மைத் திட்டுகிறவள் அழுதால் பார்க்க முடிகிறதா?

"இருங்கோக்கா. வாயில தங்கின மருந்துக்குக்கூட பீப் அடிக்கும். நன்னாக் கொப்பளிச்சுட்டுக் கால் மணி கழிச்சு ஊதுங்கோ. எல்லாருக்கும் அந்த ரூல் உண்டு" என்றாள் ராஜஸ்ரீ.

அவ்வளவுதான். நாலா பக்கமிருந்தும் தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது. "அக்கா ஊதாம ஒருத்தனும் உள்ள போகமாட்டோம் மேடம்!" என்று மகாராஜா கேட்டுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டான். அவள் கொப்பளிக்க, நாங்கள் "இன்னும், இன்னும்!" என்று கத்த, மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

கால் மணி கழித்து அக்கா கண்ணை இறுக மூடி ஊதினாள். பூஜ்யம்!

நாங்கள் போட்ட கூச்சலில் பைபாஸில் போன பஸ்ஸே தயங்கியது. ராஜஸ்ரீ சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினாள். அக்கா வாங்கவில்லை.

"நில்லு மோளே. பீப் அடிச்சத எல்லாரும் கேட்டாவ. இத எல்லாரும் பாக்கணும்."

ராஜஸ்ரீ மெஷினை ஏந்திக்கொண்டு வரிசை நெடுக நடந்தாள். ஒவ்வொருவனும் எட்டி எட்டிப் பார்த்தான். மகாராஜா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அக்கா சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகினாள். "லே, மெஷினக் கும்பிடாத. குடிய விடுல!"